தோலூறு, பிளாஸ்மா ஊறு: இரு பட்டியலுக்கும் ஒரு சொல்

அன்புள்ள குழு அன்பர்களுக்கு,

வணக்கம். நம் கலைச்சொல் தொகுதிக்கான குதிரைத் தோல்நோய்ப் பட்டியலில், நோயாலோ காயத்தாலோ உடலில் ஓர் இடத்தில் நேரும் கேட்டைக் குறிக்கும் ‘லீஷன்’ என்பதற்குப் ‘புண்’ என்று எழுதியிருக்கிறோம். அதே தொகுதியில், பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வளிமம்) படும் உலோகங்களுக்கான பட்டியலில், அதனால் உலோகத்தில் நேரும் கேட்டைப் ‘பிளாஸ்மா தூண்டிய குறைபாடு’ என்று எழுதியிருக்கிறோம். இரண்டையும் அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்று பலரும் ஒப்புதல் தந்துவிட்டீர்கள். நான் தரவில்லை. இரண்டுமே பொருளைத் தவறாகக் காட்டும் சொற்கள். இரண்டின் இடத்திலும் ‘ஊறு’ என்ற ஒரே சொல் பொருந்தும் என்று வாதிடவே இந்த நீண்ட மடல்.

முதலில் குதிரை. ‘புண்’ என்றால் எல்லோருக்கும் புரியும் என்கிறார் புதுச்சேரி மருத்துவர் அம்மா. புரியும், ஆனால் தவறாகப் புரியும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சவாரிக்கு விடும் குதிரை ஒன்றை மழைக்காலத்தில் அருகில் நின்று பார்த்தேன். சேணத்தின் வயிற்று வார் உரசும் இடத்தில் இரண்டு வட்டங்கள். ஒன்றில் முடி கொத்தாக நிமிர்ந்து நின்றது. அது அப்போதுதான் தொடங்கியது. மற்றொன்றில் முடி அடியோடு ஒடிந்துபோய், சாம்பல் நிறச் செதில் படிந்திருந்தது. சீழ் இல்லை, இரத்தம் இல்லை, தோல் எங்கும் கிழியவில்லை. அந்தக் குதிரைக்காரர் அதைப் புண் என்று சொல்லவே இல்லை. ‘படை’ என்றார். நம் பட்டியலைவிட அவர் சொல் சரியானது. டிரைக்கோஃபைட்டான் ஈக்வினம் போன்ற பூஞ்சைகள் முடியிலும் தோலின் இறந்த மேலடுக்கிலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்பவை. உயிருள்ள தசைக்குள் அவை இறங்குவதில்லை. தோல் உடையாத ஒன்றைப் புண் என்று எழுதினால், படிப்பவர் ஆறாத காயத்துக்குப் போடும் மருந்தைத் தேடுவார். உண்மையில் அவர் செய்ய வேண்டியது வேறு: அந்தக் குதிரைக்குத் தேய்த்த பிரஷையும் சேணத் துணியையும் இன்னொரு குதிரைக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவைப்பதும், தொட்ட கையைக் கழுவுவதும். இது குதிரையிலிருந்து குதிரைக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் பரவும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே ஆறிவிடும் என்பதையும் பதிவின் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். பயந்துபோய்க் கண்டதையும் பூசுகிறவர்களே அதிகம்.

‘படை’ என்றே வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் அதுவே முதல் விருப்பம். ஆனால் தலைச்சொல் ‘குதிரைப்படை’ என்று அமையும். அதைப் படிப்பவர் கண்ணில் சோழர் படையெடுப்புதான் தெரியும், தோல்நோய் தெரியாது. ஆகவே குதிரையின் படர்தாமரை என்று நோய்க்குப் பெயர் வைப்போம். வார் உரசும் இடத்தில் வருவதற்குச் ‘சேணப்படை’ என்ற தனிப்பெயரும் இருக்கட்டும். அதில் குழப்பம் இல்லை.

இனி நான் அதிகம் கவலைப்படும் இடம். பட்டியலின் தலைப்பே ‘குதிரைகளின் பூஞ்சைத் தோல்தொற்றுகள்’ என்கிறது. அதன்கீழ் மூன்று நோய்களைச் சேர்த்திருக்கிறோம். மூன்றில் ஒன்றுதான், மேலே சொன்ன படர்தாமரைதான், பூஞ்சை.

இரண்டாவது, மழைக்காலத்தில் முதுகிலும் பிட்டத்திலும் மழைநீர் வழியும் தடத்தில் வருவது. பொருக்குக் கட்டி, அந்தப் பொருக்கைப் பெயர்த்தால் அடியில் முடிக்கொத்தோடு சேர்ந்து வரும். இதை வெகுகாலம் மருத்துவர்களே பூஞ்சைத் தோலழற்சி என்றுதான் எழுதிவந்தார்கள். ஏனென்றால் நுண்ணோக்கியில் கிளைவிட்ட இழைகள் தெரியும். ஆனால் அது டெர்மட்டோஃபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியா. 1915இல் அன்றைய பெல்ஜியக் காங்கோவில் மாடுகளில் கண்டு வான் சசெகெம் விவரித்தது. இழைக்குள் உருண்டைகள் இணை வரிசையாக நிற்பதைக் கால்நடை மருத்துவர்கள் தண்டவாளம் என்பார்கள். அதைப் பார்த்தவுடன் நோய் உறுதியாகிவிடும். இதற்குப் பூஞ்சைக்கொல்லி பயன்படாது. பொருக்கை நீக்கி, கழுவி, குதிரையை உலர்ந்த இடத்தில் கட்டுவதுதான் பாதி மருத்துவம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரைகடந்தபின், தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாள்களில் நனைந்தபடியே நிற்கும் கால்நடைக்கு உலர்ந்த தரைதான் முதல் மருந்து. நம் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒருவர் மருந்துக்கடையில் பூஞ்சைக் களிம்பு வாங்கிவந்தால், அந்தப் பிழைக்கு நாம் பொறுப்பு. இதற்கு ‘மழைப்பொருக்கு’ என்ற பெயரை முன்வைக்கிறேன். பொருக்கு நாட்டுப்புறத்தில் இன்றும் வழங்கும் சொல். எப்போது வருகிறது, எப்படித் தெரிகிறது என்ற இரண்டையும் அந்தப் பெயர் சொல்கிறது. எதனால் என்று அது சொல்லவில்லை. அது நல்லதுதான்.

மூன்றாவது பித்தியம். இதை நம் விவசாயிகளுக்குப் பெயரால் தெரியும். மிளகாய், புகையிலை நாற்றங்காலில் நாற்றழுகல் உண்டாக்கும் இனத்தின் உறவுதான் குதிரையைத் தாக்கும் பித்தியம் இன்சிடியோசம். இழையாக வளர்வதால் வேளாண் கையேடுகளில் பூஞ்சை என்றே அச்சிடுகிறார்கள். ஆனால் அதன் உறவு பழுப்புப் பாசிகளோடும் டயட்டம் என்ற நுண்பாசிகளோடும்தான். பூஞ்சையின் உயிரணுச் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப்பொருள் இதில் இல்லை. பூஞ்சை மருந்துகளில் பெரும்பாலானவை அந்த எர்கோஸ்டெராலைக் குறிவைப்பவை. குறியே இல்லாதபோது அவை தோற்கின்றன. தென்னிந்தியக் கண் மருத்துவமனைகளில் இதே உயிரியால் வரும் கருவிழிப் புண்ணை முதலில் பூஞ்சை என்று கருதி மருந்து கொடுத்து, பிறகு லினசோலிட், அசித்ரோமைசின் போன்ற பாக்டீரியா மருந்துகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒரு பெயர் தவறானால் ஒரு கண் போகலாம்.

குதிரையில் இது தேங்கிய நீரில் நிற்கும் காலிலும் வயிற்றிலும் வரும். நீந்தும் வித்துகள் தோலைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கு ‘நீந்துவித்து’ என்ற பெயர் நன்றாக அமையும். இது மெய்யாகவே புண். குழிந்து, புரையோடி, ஒழுகும். குதிரையிலிருந்து குதிரைக்குத் தாவுவதில்லை. ஆகவே ‘தொற்று’ என்ற சொல்லும் இங்கே இடறுகிறது. அந்தப் புரைகளுக்குள் மஞ்சள் நிறத்தில் பவளத் துண்டு போன்ற கட்டிகள் இருக்கும். ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவில் இவற்றைப் பார்த்து ‘கங்கர்’ என்று பெயரிட்டார்கள். சாலை போடப் பயன்படும் சுண்ணாம்புக் கற்கட்டிக்கு வட இந்தியாவில் வழங்கும் பெயர் அது. அந்தச் சொல் இன்றுவரை அமெரிக்கப் பாடப்புத்தகம் வரை போயிருக்கிறது. அதே கல்லுக்குத் தமிழில் ‘சுக்கான்கல்’ என்று நல்ல பெயர் இருக்கிறது. ஆகவே ‘சுக்கான்கட்டி’ என்று எழுதுவோம். நோய்க்கு அவர்கள் வைத்த பெயர் ‘பர்சாத்தி’. பர்சாத் என்றால் மழை. அந்தப் பெயருக்குள் புழுவால் வரும் கோடைப் புண்களும் சேர்ந்து கிடந்தன என்பது உண்மை. அவற்றைப் பிறகு ஆய்வு பிரித்தெடுத்தது. 1987இல்தான் இந்த உயிரிக்கு இன்றைய பெயர் அமைந்தது.

காரணத்தைப் பெயரில் முதலிலேயே பூட்டிவிடுவது நம் மொழியிலும் நடந்திருக்கிறது. தலையில் வட்டமாக முடி கொட்டுவதைப் ‘புழுவெட்டு’ என்கிறோம். அதில் புழுவே இல்லை, உடலின் எதிர்ப்பாற்றல் தன் முடிவேரையே தாக்குவதால் வருவது. மக்கள் பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் கெடுதல் இல்லை. நாம் புதிதாகச் செய்யும் சொல்லில் அந்தப் பிழை கூடாது.

இங்கேதான் எனக்கு ஒரு பொதுச்சொல் தேவைப்படுகிறது. ‘இந்த இடத்தில் கேடு நிகழ்ந்திருக்கிறது’ என்று மட்டும் சொல்லும் சொல். உடைந்ததா, உடையவில்லையா, பூஞ்சையா, பாக்டீரியாவா என்பதை அது முன்கூட்டியே தீர்ப்பளிக்கக்கூடாது. ‘ஊறு’ அந்தச் சொல். லத்தீனில் லீஷன் என்ற சொல்லுக்கு வேரும் ‘ஊறுபடுதல்’ என்ற பொருள்தான். தோலில் வந்தால் ‘தோலூறு’. காரணம் உறுதியானபின் பூஞ்சைத் தோலூறு, பாக்டீரியத் தோலூறு என்று முன்னொட்டு சேர்க்கலாம். பிறவியிலேயே குதிரையின் நெற்றியில் இருக்கும் வெள்ளைச் சுட்டி ஊறு அன்று. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், உலோகத்துக்குப் போகும்போது திரும்பவும் தேவைப்படும்.

‘ஊறு’ என்றால் ஊறுகாய்தான் நினைவுக்கு வரும் என்று ஓர் அன்பர் மறுப்பு எழுதியிருந்தார். ‘இடையூறு’ என்று எழுதும்போது யாருக்கும் ஊறுகாய் நினைவு வருவதில்லை. ‘உடல்நலத்துக்கு ஊறு விளைவிக்கும்’ என்று நாளிதழ்களில் அன்றாடம் படிக்கிறோம். இன்னொன்று: குறள் ஐம்புலன்களை அடுக்கும்போது ‘சுவையொளி ஊறோசை நாற்றம்’ என்கிறது. அங்கே ஊறு என்பது தொடுவுணர்வு. தொடுதலும் கேடும் ஒரே சொல்லில் இருக்கின்றன. சேணம் பட்டு வருவதும், தேங்கிய நீர் பட்டு வருவதும், பிளாஸ்மா பட்டு வருவதும் ஆகிய மூன்றுக்கும் இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை.

இப்போது உலோகம். புதுச்சேரி காலாப்பட்டில் ஆய்வு செய்யும் தம்பி மிகவும் உழைத்து உலோகப் பட்டியல் அனுப்பியிருக்கிறார். அவர் உழைப்பை மதித்தே சில சொற்களை மறுக்கிறேன்.

‘குறைபாடு’ ஏன் கூடாது? படிகத்தில் அணுக்கள் வரிசை தவறாமல் அமர்ந்திருக்கின்றன. ஓர் இடத்தில் அணு இல்லாமல் போனால் அது குறைதான். ஆனால் அப்படி இடம்பெயர்ந்த அணு இரண்டு வரிசைகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துவிடுகிறதே, அங்கே ஓர் அணு கூடுதலாக அல்லவா இருக்கிறது? கூடுதலைக் குறைபாடு என்று எந்த மாணவருக்கு விளக்குவது? தமிழில் இதற்கு ஒரு கச்சிதமான சொல் ஏற்கெனவே பதிப்பாசிரியர்களிடம் இருக்கிறது: இடைச்செருகல். பழம்பாடலுக்குள் பின்னால் வந்தவர் நுழைத்த செய்யுளைச் சொல்லும் சொல். இருக்கும் வரிசையை நெருக்கிக்கொண்டு வேண்டாத ஒன்று உள்ளே இருப்பது என்ற பொருள் அப்படியே பொருந்துகிறது. ‘இடைச்செருகல் அணு’ என்று வைத்தால் விளக்கமே தேவையில்லை.

அணு இல்லாத இடத்துக்குத் தம்பி ‘வெற்றிடம்’ என்று கொடுத்திருக்கிறார். பிளாஸ்மா ஆய்வே வெற்றிடக் கலத்துக்குள்தான் நடக்கிறது. ‘வெற்றிடத்தில் வெற்றிடங்கள் உருவாயின’ என்று ஒரு வாக்கியம் வந்தால் யார் பிழைப்பது? ‘அணு ஒழிவு’ என்று வைப்போம். ஒழிவுகள் பல சேர்ந்து பெருந்துளையானால் அது ‘புரை’. 1967இல் ஸ்காட்லாந்தின் டூன்ரே அணு உலையில் நியூட்ரான் பட்ட எஃகு உறைகளுக்குள் இத்தகைய நுண்புரைகளை முதன்முதலாகக் கண்டார்கள். அவற்றால் உலோகமே பருத்துவிடும். ‘புரைவீக்கம்’ என்று எழுதலாம். குதிரையின் புரையோடிய புண்ணிலும் இதே சொல்தான், இரண்டிலும் பொருள் ஒன்றே.

அடுத்து ‘தூண்டிய’. இயற்பியல் பாடநூலில் தூண்டல் என்றால் மின்காந்தத் தூண்டல். பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாக அடைத்துவைக்கும் டோகமாக் கருவியில் அந்தப் பிளாஸ்மாவின் மின்னோட்டமே மின்மாற்றி முறையில் தூண்டப்படுவதுதான். குஜராத்தின் காந்திநகரில் 1989 முதல் இயங்கிய ஆதித்யா கருவியிலும் அப்படித்தான். ஆகவே ‘பிளாஸ்மா தூண்டிய’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் மாணவரை வேறு பக்கம் கொண்டுபோய்விடும். பொருள் நேர்மையாக வேண்டுமானால் ‘பிளாஸ்மாவால் வந்த’ என்பதே போதும். ‘பிளாஸ்மா ஊறு’ என்று சுருக்கினால் அதுவே தலைச்சொல்.

இங்கே குதிரைச் சுட்டிக்கு வருகிறேன். எந்த உலோகமும் சூடேறும்போது அதற்குள் சில அணு ஒழிவுகள் தாமாகத் தோன்றும். அது அந்த வெப்பநிலையில் உலோகத்தின் இயல்பான சமநிலை. யாரும் அதற்குக் கேடு செய்யவில்லை. ஆகவே பொதுவாகப் படிக ஒழுங்கு தவறுவதற்குப் ‘பிறழ்வு’ என்றும், வெளியிலிருந்து வந்து பட்ட ஒன்றால் நேர்ந்ததற்கு ‘ஊறு’ என்றும் பிரித்துக்கொள்வோம். பிறழ்வு என்ற சொல்லை முன்மொழிந்தவர் தம்பியேதான். அதை அவர் பிறகு ஏன் கைவிட்டார் என்று தெரியவில்லை, மீட்டுக்கொள்ளட்டும்.

‘ஊறு’ என்றால் அடித்துச் சேதப்படுத்துவது என்ற பொருள் வந்துவிடாதா என்று அவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பதில் டங்ஸ்டனில் இருக்கிறது. உலோகங்களிலேயே மிக உயர்ந்த உருகுநிலை கொண்டது அது, 3422 டிகிரி செல்சியஸ். பிரான்சில் எழுந்துவரும் ஐடெர் அணுக்கரு இணைவு உலையில் மிகக் கடுமையான வெப்பம் தாக்கும் அடிப்பகுதிக்கு இதைப் பூசுகிறார்கள் என்று சொல்வதைவிட, பிளாஸ்மா படும் முகத்தை டங்ஸ்டன் கட்டிகளைக் கொண்டே அமைக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். டங்ஸ்டன் அணு ஒன்றை அதன் இடத்திலிருந்து மோதிப் பெயர்க்கச் சுமார் 90 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். ஹீலியம் மிக இலேசான அணு. 50 எலக்ட்ரான்வோல்ட்டோடு அது வந்து மோதினாலும், கனத்த டங்ஸ்டனுக்குக் கொடுக்க முடிவது அதிகபட்சம் சுமார் 4 எலக்ட்ரான்வோல்ட்தான். மோதிப் பெயர்ப்பது நடக்கவே நடக்காது. இருந்தும் ஊறு நேர்கிறது. ஹீலியம் எதோடும் சேராத தனிமம். டங்ஸ்டனுக்குள் அதற்கு வசதியான இடமே இல்லை. உள்ளே புகுந்த அணுக்கள் ஒன்றையொன்று நாடித் திரள்கின்றன. திரள் பெருக்கப் பெருக்க நெருக்கம் தாங்காமல் பக்கத்து டங்ஸ்டன் அணு ஒன்றைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஹீலியம் குடியேறுகிறது. தள்ளப்பட்டது இடைச்செருகலாகிறது. இந்தச் செயலில் அடி இல்லை, நெருக்கல்தான் இருக்கிறது. தொடுதலும் கேடும் சேர்ந்த சொல் இதற்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள்.

அதன் அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏறத்தாழ 1000 முதல் 2000 கெல்வின் வெப்பத்தில் ஹீலியம் பிளாஸ்மா தொடர்ந்து பட்டால், கண்ணாடிபோல் மெருகேற்றிய டங்ஸ்டன் வில்லை கரும்புகை படிந்தாற்போல் கறுத்துவிடும். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் சில பத்து நானோமீட்டர் தடிப்பில் இழைகள் அடர்ந்து பின்னிக் கிடக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஹீலியக் குமிழிகள். ஜப்பானின் நகோயாவில் டக்கமூரா குழுவினர் 2006இல் இதை விவரித்தார்கள். ஆங்கிலத்தில் ‘ஃபஸ்’ என்கிறார்கள். தம்பி இதற்குப் ‘பூஞ்சு’ என்று கொடுத்திருக்கிறார். இதே தொகுதியில் குதிரைக்குப் ‘பூஞ்சை’ இருக்கிறதே! அகரவரிசையில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். ‘துய்’ என்று வைப்போம். பஞ்சின் மென்னார், பூவின் மேலிருக்கும் மெல்லிழை எல்லாம் துய். சங்கப் பாடல்களில் குரங்கு துய்த்தலை மந்தியாக வருகிறது. ‘டங்ஸ்டன் துய்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்குக்கும் எளிது.

ஹைட்ரஜன் பிளாஸ்மா பட்டு மேற்பரப்பு உப்புவதற்குக் கொப்புளம், உரிவதற்குச் செதில். இவை தோலுக்கும் உலோகத்துக்கும் பொதுவாகவே இருக்கட்டும், விவாதம் வேண்டாம்.

‘பிளாஸ்மா’ என்ற சொல்லையே இரு பட்டியலும் பயன்படுத்துவது மட்டும் உண்மையான ஆபத்து. நம் நாட்டில் பாம்புக்கடி நச்சுமுறி மருந்தைக் குதிரை இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆகவே கால்நடைப் பட்டியலில் ‘குருதிநீர்’ என்று மாற்றிவிட்டு, பிளாஸ்மாவை இயற்பியலுக்கு விட்டுவிடுவோம். ‘பூஞ்சை’க்கு இலங்கை அன்பர்கள் ‘பங்கசு’ என்று எழுதுவதையும் இணைச்சொல்லாகச் சேர்க்க வேண்டும். அவர்கள் பாடநூலில் அதுதான் இருக்கிறது.

மருத்துவர் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலின் தலைப்பைக் ‘குதிரைகளின் தோலூறுகள்’ என்று மாற்றி, அதன்கீழ்ப் படர்தாமரை, மழைப்பொருக்கு, பித்தியப் புண் என்று மூன்றையும் தனித்தனியே வைத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன மருந்து பயன்படாது என்பதை விளக்கத்தில் ஒரு வரி எழுதித் தாருங்கள். ‘குறைபாடு’ என்ற சொல் வீணாகவில்லை. துத்தநாகக் குறைபாடு, உயிர்ச்சத்துக் குறைபாடு என்று உங்கள் பட்டியலிலேயே அதற்கு உரிய இடம் இருக்கிறது. தம்பி திருத்திய உலோகப் பட்டியலை அனுப்பியதும் இரண்டையும் சேர்த்து ஒரே அகரவரிசையில் நான் அடுக்கித் தருகிறேன். அதற்குமுன் ‘துய்’க்கும் ‘சுக்கான்கட்டி’க்கும் மறுப்பு இருந்தால் இப்போதே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
மஞ்சக்குப்பம், கடலூர்